லோரிக்கு அடித்த மணி

தேர்வு எழுதித் தேறி, புது வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக உட்கார்ந்திருக்கும் திடல்தட நடுவர்களே, என்னைப் பேசச் சொன்னவர்கள் விதிகளைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். பேசப் போவதில்லை. விதிகளை நீங்கள் மனப்பாடம் செய்துதான் தேறியிருப்பீர்கள். அடுத்த மாதத்துக்குள் மறந்தும் விடுவீர்கள். நாங்களும் அப்படித்தான். புத்தகம் பையில் இருக்கும், வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதில் இல்லாத ஒன்று இருக்கிறது. ‘அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்?’ என்று ஊரே திரண்டு வந்து உங்கள் காதில் கத்தும்போது என்ன செய்வது? அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கத்தியவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர்கள்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் வேலை பார்த்ததும் கேமரன் மலையில்தான். வாரம் முழுவதும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, சனி ஞாயிறுகளில் நடுவர். எங்கள் மலையில் பொழுதுபோக்கு குறைவு. மழை பெய்தால் வெளியே போக முடியாது. மழை பெய்யாவிட்டால் சுற்றுலாப் பயணிகளின் கார்கள் கியா பார்ம் வரைக்கும் சாலையை அடைத்துக்கொள்ளும், அப்போதும் போக முடியாது. அதனால் எங்கள் ஆட்கள் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தேநீரைக் குடித்துக்கொண்டு வாதாடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் வாய்க்கு வாகாக இரண்டு பெண்கள் கிடைத்தார்கள்.

ஒருத்தி தர்ஷினி. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் மகள், ஈப்போவில் கல்லூரியில் படித்தாள். இன்னொருத்தி லோகா. திரிங்காப்பில் செவ்வந்தி பயிரிடுகிறவரின் மகள், குவாந்தானில் வேறொரு கல்லூரியில் படித்தாள். இருவரும் ஓடியது ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். இரண்டு கல்லூரிகளுக்கும் ஆகாது. ஒருமுறை இவள் ஜெயிப்பாள், அடுத்தமுறை அவள் ஜெயிப்பாள். தர்ஷினிக்கு முன்னால் ஓடத்தான் தெரியும். துப்பாக்கி வெடித்ததும் போய்விடுவாள், முடிந்தால் பிடித்துக்கொள் என்பது மாதிரி. லோகா பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து கடைசி வளைவில் எட்டிப் பாய்வாள். யார் ஜெயித்தாலும் தோற்றவளின் ஊரில் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

“அன்னிக்கு வெயிலு லா. நம்ம புள்ள குளிர்ல பொறந்தவ. குவாந்தான் வெயில்ல ஓடச் சொன்னா எப்படி ஓடும்?” என்பார் கங்காணி.

“அந்தப் புள்ள மட்டும் பாலைவனத்துலயா பொறந்துச்சு? திரிங்காப்பும் குளிருதானே?” என்று யாராவது கேட்பார்கள்.

“அது பூ வெட்டுற புள்ள. நாள் பூரா பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள நிக்கும். உள்ள அவிஞ்சி போயிரும். அதுக்கு வெயிலு பழக்கம்.”

இதற்குப் பதில் சொல்ல முடியுமா? மழை பெய்திருந்தால் யார், மேடாக இருந்திருந்தால் யார், இருவரும் பசியாறாமல் ஓடியிருந்தால் யார் என்று கங்காணி ஆண்டு முழுக்கத் தன் மகளை மனத்துக்குள்ளேயே ஓடவைத்து ஜெயிக்கவைத்துக்கொண்டிருப்பார். தேயிலை வெட்டும் இயந்திரத்தைத் தோளில் தூக்கிப்போகும் வங்காளதேசத்துத் தம்பிகள்கூடக் கட்சி சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் லோகா கட்சி. அவருக்கு மட்டும் கங்காணி எப்போதும் செங்குத்தான சரிவிலேயே வேலை போடுகிறார் என்று பேச்சு. நான் விசாரிக்கவில்லை.

இதெல்லாம் சிரிக்கத்தான். ஆனால் அந்த ஆண்டு சிரிப்பாக இல்லை. மாநிலப் போட்டிக்கு ஒவ்வொரு மாவட்டமும் ஒரு தூரத்துக்கு ஒரே ஒருத்தியைத்தான் அனுப்பலாம். மாவட்டத் தேர்வு ஓட்டத்தில் முதலில் வருகிறவள் போவாள், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். லோகாவுக்குப் படிப்பு இன்னும் பாக்கி இருந்தது, மறுபடியும் வரலாம். தர்ஷினிக்கு அதுதான் கடைசி ஆண்டு. படிப்பு முடிந்ததும் கோலாலம்பூரில் வேலை காத்திருந்தது. அதற்குப் பிறகு ஓடுவதென்றால் பேருந்தைப் பிடிக்க ஓடினால்தான் உண்டு. மாவட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒருமுறை மாநிலப் போட்டியில் நிற்கவேண்டும் என்று அந்தப் பெண் எத்தனை ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் நான்தான் அவளுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தேன். லோகாவுக்கு வேறொரு பள்ளியில் என் தோழி சொல்லிக்கொடுத்தாள். இந்த மலையில் யாருக்கும் யாரும் அந்நியர் கிடையாது, நடுவருக்கு அதுதான் முதல் தலைவலி.

நகரத் திடலில் தண்ணீர் நின்றதால் தேர்வு ஓட்டம் எங்கள் தோட்டத்துத் திடலுக்கு வந்தது. கோயிலை ஒட்டிய திடல். கோயில் வாசலும் ஓட்டம் முடியும் கோடும் பக்கம் பக்கம். சனிக்கிழமை காலை. சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது, கூட்டம் வந்தாகிவிட்டது, பனிமூட்டமும் வந்தாகிவிட்டது. அப்போது போட்டிச் செயலாளர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் தலையைச் சொறிந்தால் பயப்படுங்கள்.

“டீச்சர், மணி இல்ல.”

கடைசிச் சுற்று தொடங்கும்போது முதலில் ஓடுகிறவள் கோட்டைத் தாண்டும் நேரத்தில் ஒருவர் மணி அடிப்பாரே, அந்த மணி. அது அவருடைய காரில் இருந்தது. கார் கம்போங் ராஜாவில் பட்டறையில் இருந்தது.

“அதனால என்ன, நான் பாத்துக்கிறேன்,” என்று அவரே சொல்லிவிட்டுப் போய், கோயிலில் இரவல் வாங்கி வந்துவிட்டார். கனமான வெண்கலக் கைமணி, பிடியில் ‘உபயம்’ என்று யாரோ ஒருவரின் பெயர். தட்டிப் பார்த்தேன். அருமையான ஓசை, அடுத்த குன்றுக்கே கேட்கும். பூசாரியிடம் நானே போய், “ஓட்டம் முடியிற வரைக்கும் கோயில்ல மணி அடிச்சிறாதீங்க சாமி,” என்றேன். “நீங்க சொன்னா சரிங்க டீச்சர்,” என்றார். உபயக்காரர் ஒரே அச்சில் இரண்டு மணிகள் செய்து கொடுத்திருந்தார் என்பதை அவரும் சொல்லவில்லை, செயலாளரும் கேட்கவில்லை.

ஓட்டம் தொடங்கியது. பனிமூட்டம் திடலின் எதிர்ப்பக்கத்தை முழுதாக விழுங்கிவிட்டது. பெண்கள் வளைவில் திரும்பி வெள்ளைக்குள் போவார்கள், காலடிச் சத்தம் மட்டும் கேட்கும், கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் வெளியே வருவார்கள். ஒவ்வொரு முறையும் தர்ஷினி முதலில் வந்தாள், நாலு எட்டுப் பின்னால் லோகா. மற்ற பிள்ளைகள் அவர்களுக்கும் பின்னால். மிச்சச் சுற்றைக் காட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். பலகை எனக்கே சரியாகத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சுற்று பாக்கி. தர்ஷினி கோட்டை நோக்கி வருகிறாள். அந்த நேரம் பார்த்துக் கோயில் வாசலில், என் முதுகுக்குப் பின்னால், கணகணவென்று மணி.

திரும்பினேன். பனிக்குள் ஒரு புது லோரி நின்றது. காய்கறி ஏற்றும் லோரி. நெற்றியில் சந்தனம், முகப்பில் மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். லோரிக்காரர் ராகு காலத்துக்கு முன்னால் பூசையை முடிக்கவேண்டும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார். பூசாரி ஒரு கையில் கற்பூரத் தட்டும் இன்னொரு கையில் மணியுமாக லோரிக்குத் தீபம் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டதற்கு, “கோயில்ல அடிக்காதீங்கன்னுதானே சொன்னீங்க? நான் வெளியிலதானே அடிச்சேன்?” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவே மாட்டேன் என்கிறது.

மணியைக் கேட்டதும் தர்ஷினி பறந்தாள். வேறு சொல் தெரியவில்லை எனக்கு. கடைசிச் சுற்று என்று நினைத்து, உடம்பில் இருந்த அத்தனையையும் எடுத்துக் காலில் போட்டாள். நான் கையை ஆட்டிக் கத்தினேன். எல்லோரும்தான் கத்தினார்கள், உற்சாகம் என்று நினைத்திருப்பாள். லோகா ஒரு கணம் தடுமாறினாள், பிறகு தன் வேகத்திலேயே போனாள். இரண்டு பேரும் பனிக்குள் மறைந்தார்கள். திரும்பி வந்தபோது தர்ஷினி மட்டும் தனியாக வந்தாள், பின்னால் ஆளே இல்லை. கோட்டைத் தாண்டினாள், இரண்டு கைகளையும் தூக்கினாள், புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். செயலாளர் தன் கடமையைச் செய்தார். சரியான நேரத்தில், சரியான மணியை, அவள் தலைக்கு மேலேயே அடித்தார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

“இன்னும் ஒரு சுத்து! எந்திரி! எந்திரிம்மா!” என்று கங்காணி கயிற்றைத் தாண்டி ஓடி வந்தார். எழுந்தாள். ஓடினாள் என்று சொல்ல முடியாது, காலை மாற்றி மாற்றி வைத்தாள். லோகா தாண்டிப் போனாள். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். ஆனாலும் நிற்கவில்லை. எல்லோரும் முடித்த பிறகு கடைசியாக வந்து கோட்டைத் தொட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஆரம்பித்தது.

“மணி அடிக்காம இருந்திருந்தா எம்பொண்ணு ஜெயிச்சிருக்கும் டீச்சர்! அந்தச் சுத்து ஓடுன ஓட்டத்தப் பாத்தீங்கள்ல? அத கடைசிச் சுத்துல ஓடியிருந்தா யாரு பிடிச்சிருப்பா?” இது கங்காணி.

“பொறந்ததிலேர்ந்து இந்தக் கோயில் பக்கத்துலயே வளந்த புள்ள. அதுக்கா தெரியாது கோயில் மணி எது, ஓட்ட மணி எதுன்னு?” இது லோகாவின் அப்பா. காலையில் பூ வெட்டிவிட்டு நேராக வந்தவர், கால்சட்டையில் இன்னும் மண்.

“ரெண்டும் ஒரே மணிதானே யா!”

“சரி, எம்பொண்ணு மட்டும் ஏன் அப்பவே பாய்ஞ்சி ஓடல? அதுக்கும் காது இருக்குல்ல? அது எண்ணிக்கிட்டு ஓடுச்சு. மணியே அடிக்காட்டியும் கடைசில எம்பொண்ணுதான் பிடிச்சிருக்கும். எப்பவும் அப்படித்தானே பிடிக்கும்?”

“எப்பவும்னு சொல்லாதீங்க. ஈப்போவுல பிடிக்கல.”

“ஈப்போவுல அதுக்கு வயித்து வலி!”

இரண்டு ஊரும் சேர்ந்து அந்த ஓட்டத்தை வாயாலேயே ஏழெட்டு முறை ஓடி முடித்துவிட்டது. கைப்பேசியில் படம் பிடித்தவர்கள் என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்கள். எல்லாப் படத்திலும் வெள்ளைதான் இருந்தது. அதற்குள் அது வாட்ஸ்அப்பில் மலை முழுக்கப் போய், அந்த வெள்ளைக்குள்ளேயே அவரவர் கட்சிக்கு ஆதாரம் கண்டுபிடித்துவிட்டார்கள். தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர், வந்தார். நம் ஆள்தான், நல்ல படிப்பு. “ரெண்டு பேரையும் அனுப்பிருங்களேன் டீச்சர், பிரச்சனை முடிஞ்சிச்சி,” என்றார். ஓர் இடத்துக்கு எப்படி ஐயா இரண்டு பேர் என்றேன். அது எனக்குத் தெரியாது, திடல் மட்டும்தான் என்னுடையது என்று போய்விட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு தந்திரம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் தலைமை நடுவராக இருந்த ஒரு மனிதர் பெரிய முடிவு எதையும் கழிப்பறைக்குப் போய் வராமல் சொன்னதே இல்லை. முதலில் நீரிழிவு என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, யாரும் பின்னாலேயே வந்து கத்த முடியாத ஒரே இடம் அதுதான். பெண்ணாகப் பிறந்த நடுவருக்கு இன்னும் வசதி, கத்துகிறவர்களில் முக்கால்வாசி ஆண்கள். “கழிப்பறைக்குப் போகணும்,” என்று உரக்கச் சொன்னேன். கூட்டம் வழிவிட்டது.

தோட்டத்துக் கழிப்பறை உரக் கிடங்குக்குப் பின்னால். அங்கே இரண்டு உர மூட்டைகளின்மேல் அந்த இரண்டு பெண்களும் உட்கார்ந்து, ஒரே குடுவை மூடியில் இஞ்சித் தேநீரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தர்ஷினியின் தோளில் லோகாவின் கம்பளிச்சட்டை. இத்தனை பேர் இவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர்களை யாருமே தேடவில்லை. நான் வந்தது அவர்களுக்குத் தெரியாது.

“மணி அடிக்காம இருந்தாலும் கடைசி வளைவுல உன்ன எடுத்திருப்பேன் கா,” என்றாள் லோகா.

“எடுத்திருப்ப, எடுத்திருப்ப. ஈப்போவுல எடுத்த மாதிரியா?”

“அப்ப வயித்து வலி.”

“உனக்கும் உங்க அப்பாவுக்கும் ஒரே வயித்து வலி லா.”

இருவரும் சிரித்தார்கள். நான் செருமினேன். எழுந்து நின்றார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “ஓட்டத்த மறுபடி வச்சா ஓடுவீங்களா? இன்னிக்கு இல்ல. நாளைக்குக் காலையில.”

சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் பேசியது லோகா. “நான் ஏன் டீச்சர் ஓடணும்? எனக்கும் அந்த மணி கேட்டிச்சு. ஒரு நிமிசம் பயந்துட்டேன். அப்புறம் எண்ணிப் பாத்தேன், இன்னும் ரெண்டு சுத்துன்னு தெரிஞ்சிச்சி. எண்ணத் தெரிஞ்சது என் தப்பா?”

நியாயமான கேள்வி. இதற்கு நல்ல பதில் அன்றும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் தேநீர் இடைவேளையில் சொல்லுங்கள். அன்றைக்கு என் வாயில் வந்ததைச் சொன்னேன். “உன் தப்பு இல்லம்மா. ஆனா மணிய இரவல் வாங்கினது நாங்க. எங்க தப்பால ஒருத்தி ஒரு சுத்து முன்னாலயே ஓடித் தீந்துட்டா. அத ஓட்டம்னு சொல்லி நான் கையெழுத்துப் போட முடியாது. நீ ஜெயிச்சத உன் கையிலேர்ந்து பிடுங்குறேன், எனக்குத் தெரியுது. நாளைக்கு மறுபடியும் எடுத்துக்க.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். குடுவை மூடியைத் தர்ஷினியிடம் நீட்டிவிட்டு, “எனக்கும் தெரியணும்தான்,” என்றாள். “ஆனா நாளைக்கும் நான் ஜெயிச்சி, அப்புறமும் எவனாச்சும் மணி கிணின்னு பேசினா செருப்பு பறக்கும் டீச்சர். இப்பவே சொல்லிட்டேன்.”

தர்ஷினி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டு, “வேணாம் டீச்சர்,” என்றாள். “இப்படியே விட்ருங்க.”

“ஏம்மா? இதுதானே உனக்குக் கடைசி?”

“அதனாலதான். இப்ப தோத்ததுக்கு மணின்னு ஒண்ணு இருக்கு. எங்க அப்பா ஆயுசுக்கும் அதச் சொல்லிக்கிட்டே இருப்பாரு, நானும் கேட்டுக்கிட்டே இருப்பேன். மணி மட்டும் அடிக்காட்டி எம்பொண்ணு போயிருக்கும்னு. நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு ஓடித் தோத்தா அதுவும் போயிரும். என்கிட்ட ஒண்ணுமே இருக்காது.”

“ஜெயிச்சிட்டா?”

“அதான் பயமா இருக்கு டீச்சர். ஜெயிச்சிருவேன்னு தோணுது. அப்படித் தோணிட்டுத் தோத்தா…”

எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு எரிச்சலும் வந்தது, ரெண்டும் சேர்ந்து வரும் ஆள் நான். “இந்தா பாரு,” என்றேன். “இருந்திருந்தா இருந்திருந்தான்னு உங்க அப்பா பத்து வருசமா பேசுறாரு. அதுல அவருக்கு ஒரு தேத்தண்ணி கூட ஓசியில கெடைக்கல. நீ அத வச்சிக்கிட்டு கோலாலம்பூர்ல என்னா பண்ணப் போற? ஓட்டம் நாளைக்குக் காலையில. வர்றதும் வராததும் உன் இஷ்டம்.”

உண்மை அதுதான். ஓட்டத்தை மறுபடி வைக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு, ஒருத்தியை வந்து நிற்கவைக்க அதிகாரம் கிடையாது. திரும்பிப் போய் முடிவைச் சொன்னேன். இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் என்னைத் திட்டியது. லோகாவின் அப்பா, தன் பெண்ணின் வெற்றியைப் பறித்துவிட்டேன் என்றார். கங்காணி, மகளுக்கு ஒரே நாளில் கால் தேறாது, வெற்றியை நேராகக் கையில் கொடுக்கவேண்டியதுதானே என்றார். அவரிடம் மட்டும் பதில் சொன்னேன். “நடந்தத வச்சித்தான் கங்காணி நான் முடிவு சொல்லுவேன். நடந்தது கெட்டுப்போச்சா, மறுபடியும் நடக்கட்டும். நடக்காதத நான் எப்படி அளக்குறது?” அவருக்கு அது பிடிக்கவில்லை. நடக்காததை அளப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை.

பூசாரியிடம் போய் இரண்டாவது மணியையும் வாங்கி, இரண்டையும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். “நாளைக்குப் பூசைக்கு என்னாங்க டீச்சர் பண்றது?” என்றார். “கை தட்டுங்க,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. திடலின் எதிர்ப்பக்கத்தில் நின்றவரின் மீசைகூடத் தெரிந்தது. லோகா முன்னதாகவே வந்து காலை உதறிக்கொண்டிருந்தாள். அவளோடு மற்ற பிள்ளைகள். தர்ஷினியைக் காணவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், சாலையைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். ஒருத்திக்காகத் தாமதிக்கக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் நடத்துகிற நான், செயலாளரிடம் சுண்ணாம்புக் கோடு சரியாக விழவில்லை, இன்னொரு முறை போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல மனிதர், போட்டார்.

பிறகு கங்காணியின் மோட்டார் சத்தம் கேட்டது. பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் வந்து, “பேரு இருக்குல்ல டீச்சர்?” என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இருக்கு என்றேன்.

அந்த ஓட்டத்தை வர்ணிக்கத் தெரிந்தால் நான் நடுவராகியிருக்க மாட்டேன். வழக்கம்போல தர்ஷினி முன்னால் போனாள், வழக்கம்போல லோகா ஒட்டிக்கொண்டு போனாள். கூட்டம் அன்றைக்குக் கத்தவே இல்லை. கடைசிச் சுற்றுக்கு மணியை நானே அடித்தேன். எதிர்ப்பக்கம் முழுக்க தர்ஷினி முன்னால். கடைசி வளைவிலும் அவள்தான் முன்னால். லோகா பாய்ந்தாள், தர்ஷினி விடவில்லை. தோளோடு தோளாக வந்தார்கள். மனத்துக்குள் நான் யாருக்காக ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லாதீர்கள். கோட்டுக்கு நேரே கண் இமைக்காமல் நின்றேன். லோகாவின் நெஞ்சு முதலில் கோட்டைத் தாண்டியது. ஒரு கை அகலம் இருக்கும். சந்தேகமே இல்லை.

லோகாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனம் கனத்தது. தர்ஷினி காலமெல்லாம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட ஒன்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன், பதிலுக்கு எதுவும் கொடுக்கவில்லை. இன்னொரு முறை அந்த இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. நீங்களும் சரியான முடிவு எடுத்தால் உடனே நிம்மதி வரும் என்று எதிர்பார்த்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

இருவரும் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். லோகாவின் கை தர்ஷினியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கங்காணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார், வரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“நேத்து ஓடுன களைப்பு லா டீச்சர்! எல்லாருக்கும் தெரியும். நேத்து மட்டும் அந்த மணி அடிக்காம இருந்திருந்தா, இன்னிக்கு இந்தப் புள்ள…”

“அப்பா.”

தர்ஷினி எழுந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“இன்னிக்கு மணி சரியாத்தான் அடிச்சிச்சி பா. நானும் முழுசா ஓடிட்டேன். அவ என்னவிட வேகமா ஓடுறா. அவ்ளோதான்.”

சொல்லிவிட்டு அழுதாள். வாயை மூடிக்கொள்ளாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். கங்காணி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று போட்டிருந்த நல்ல கால்சட்டையோடு ஈரப் புல்லில் அவள் காலடியில் உட்கார்ந்தார். அவளுடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார்.